நடையா, ஓட்டமா, பளுவா? நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் உடலுழைப்பைப் பற்றிக் கேட்பதெல்லாம் சுற்றிச்சுற்றி இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். ‘உடற்பயிற்சி செய்தால் புளிப்பு தொண்டைவரை வருகிறது, விட்டுவிடட்டுமா?’ என்பது ஒன்று. ‘நாள் முழுக்கச் சுமை தூக்குகிறேன், இதில் தனியாக உடற்பயிற்சி வேறு எதற்கு?’ என்பது இன்னொன்று. முதலாமவர் ஒரு நல்ல பழக்கத்தைத் தேவையில்லாமல் கைவிடப் பார்க்கிறார். இரண்டாமவர் தன் வேலையே உடற்பயிற்சி என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இரைப்பையைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு.

ஆய்வுகளைப் புரட்டினாலும் முதலில் குழப்பம்தான் மிஞ்சும். உடற்பயிற்சி எதுக்களிப்பை, அதாவது இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதை, தூண்டும் என்று ஒன்று சொல்லும், குறைக்கும் என்று மற்றொன்று சொல்லும். இரண்டுமே சரி. முதலாவது பேசுவது பயிற்சி நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை. இரண்டாவது பேசுவது மாதங்களையும் வருடங்களையும். அந்த ஒரு மணி நேரத்தின் தொல்லையைக் குறைத்து, வருடக்கணக்கில் கிடைக்கும் பலனை இழக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் நாம் போட வேண்டிய கணக்கு.

## உள்ளே நடப்பது

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது அது இரைப்பையின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடுதலாக இறுக்கிப் பிடித்திருக்கும். அதே இடத்தில், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தின் தசையிழைகளும் உணவுக்குழாயைச் சுற்றி நிற்கின்றன. இருமும்போதும், குனியும்போதும், பளு தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் திடீரென எகிறுமே, அந்த நேரத்தில் கைகொடுப்பது இந்த இரண்டாவது பிடிதான். உதரவிதானத்துத் துளை வழியாக இரைப்பையின் மேற்பகுதி மேலேறிவிட்டவர்களுக்கு இரண்டு பிடிகளும் ஒன்றுக்கொன்று விலகிப்போகின்றன. அவர்களுக்குக் குனிந்தாலே புளிப்பு மேலே வருவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எதையும் விழுங்காத நேரத்திலும் அந்தச் சுருக்குத் தசை அவ்வப்போது 10 விநாடிக்கு மேல் தானாகவே தளரும். ஏப்பம் வெளியேற உடல் செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லோருக்கும் நடக்கும், சாப்பிட்டு வயிறு உப்பியிருக்கும்போது அடிக்கடி நடக்கும். எதுக்களிப்பு பெரும்பாலும் நிகழ்வது இந்தத் தளர்வு நேரங்களில்தான். மேலே வந்த அமிலத்தை உணவுக்குழாய் தன் அலையசைவால் கீழே தள்ளும், எச்சில் மீதியைக் கழுவி மட்டுப்படுத்தும். ஆக எதுக்களிப்பில் இரண்டு பங்கு: எவ்வளவு மேலே வந்தது, எவ்வளவு நேரம் அங்கேயே நின்றது.

கடும் உழைப்பு இந்த இரண்டையுமே கெடுக்கக்கூடியது. வயிறு இறுகி அழுத்தம் கூடுகிறது. வாயால் இரைக்கும்போது காற்றும் உள்ளே போகிறது, எச்சிலும் வற்றுகிறது. ரத்தம் தசைகளுக்குத் திரும்புவதால் குடல் பக்கம் வரத்து குறைந்து, இரைப்பை காலியாவது தாமதமாகிறது. மிதிவண்டி ஓட்டுபவர்களை அவர்களுடைய முழுத் திறனில் 60, 75, 90 சதவீதம் என்று படிப்படியாக உழைக்கவைத்துப் பார்த்த ஆய்வில், வேகம் ஏற ஏற உணவுக்குழாயின் அலையசைவுகள் வலுவிழந்தன. 90 சதவீதத்தில் அமிலம் மேலேறுவதும் கூடியது.

## எதை வைத்து எடைபோடுவது

‘எந்தப் பயிற்சி நல்லது’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு வழியையும் நான் பார்ப்பது இந்த ஐந்து கேள்விகளை வைத்து:

- வயிற்று அழுத்தம்: தம் கட்ட வேண்டிவருமா? வயிறு மடங்குமா?
- உடல் நிலை: நிமிர்ந்திருக்கிறோமா, குனிந்தா, படுத்தா, தலைகீழாகவா?
- தீவிரமும் குலுக்கலும்: செய்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியுமா? உடல் குலுங்குமா?
- நேரத்தின் மீதான பிடி: சாப்பாட்டுக்கும் உழைப்புக்கும் நடுவே இடைவெளி விடுவது நம் கையில் இருக்கிறதா?
- நீண்டகாலப் பலன்: வயிற்றுச் சதை குறையுமா? மூச்சுத் தசை வலுவாகுமா?

நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதலிடம். ஒரே எடையை ஒரே ஆள் தூக்கினாலும், வெறும் வயிற்றில் தூக்குவதும் சாப்பிட்ட அரை மணியில் தூக்குவதும் வேறு வேறு விளைவைத் தரும். திட உணவில் பாதி இரைப்பையை விட்டுக் கிளம்பவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ முழுதும் கிளம்ப நான்கு மணி நேரம்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு தடை. உழைக்கும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்செரிச்சலை எதுக்களிப்பு என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. இதய ரத்தக்குழாய் அடைப்பின் வலியும் இதே இடத்தில், இதே எரிச்சலாக வரும். அதுவும் உழைப்பில் வந்து ஓய்வில்தான் அடங்கும். தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதாக வந்திருந்தால், முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். விழுங்கும்போது சிக்குவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தாலும் பயிற்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது.

## நடை

ஐந்து கேள்விகளிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் வழி இது. நிமிர்ந்த உடல், மடங்காத வயிறு, குறைந்த குலுக்கல். சாப்பிட்ட பிறகு மெதுவாக நடப்பதில்கூடப் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை இருக்காது. சாய்ந்து உட்காருவதையும் படுப்பதையும்விட அது எவ்வளவோ மேல்.

குறை எங்கே என்றால், பலர் நடப்பது உடம்புக்கு உறைக்கிற வேகத்தில் இல்லை. எடை குறைய வேண்டுமானால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்ற அளவுக்காவது வேகம் வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதுதான் நடையின் மறைமுகச் செலவு.

நேரம் கொடுத்தால் வீணாகாது. அமெரிக்காவில் சுமார் 43,000 செவிலியப் பெண்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்வு ஐந்து பழக்கங்களைச் சேர்த்துப் பார்த்தது: அளவான எடை, புகைக்காமை, நல்ல உணவுமுறை, காபி, தேநீர், சோடா வகைகளை நாளுக்கு இரண்டு கோப்பைக்குள் நிறுத்துவது, தினமும் அரை மணி நேர மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு. ஐந்தும் சேர்ந்தால் எதுக்களிப்புத் தொல்லையில் 37 சதவீதம்வரை தவிர்க்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பழக்கங்கள் பலன் தந்தன.

## ஓட்டம்

1989-இல் வந்த ஒரு பழைய ஆய்வு, நெஞ்செரிச்சல் இல்லாத ஆரோக்கியமானவர்களையே ஓடவும், மிதிவண்டி ஓட்டவும், எடைப் பயிற்சி செய்யவும் வைத்து உணவுக்குழாயின் அமிலத்தை அளந்தது. ஓட்டம்தான் அதிக எதுக்களிப்பைத் தந்தது. சாப்பிட்ட பின் செய்தால் இன்னும் கூடியது. நிறைந்த இரைப்பை, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு குலுக்கல். வாய் சரியாகக் கட்டாத தண்ணீர்ப் பையை ஆட்டிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஓட்டத்தை விடச் சொல்லும் கட்சி இல்லை நான். எடையைக் குறைப்பதில் நேரத்துக்கு நேரம் அது நடையை முந்திவிடும். திட உணவுக்குப் பின் மூன்று மணி நேரமாவது போகட்டும். ஓடுவதற்குச் சற்று முன் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். சிறு சிறு மிடறாகக் குடித்தால் அது சீக்கிரமே இரைப்பையைக் கடந்துவிடும். விரைந்தோடுவதைக் குறைத்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நேரத்தைக் கூட்டுங்கள். தொண்டைவரை புளிப்பு வருவது பெரும்பாலும் மலையேற்றப் பாதையிலும் கடைசி வேகப் பாய்ச்சலிலும்தான்.

மறைமுகச் செலவுகள் இங்கே கொஞ்சம் அதிகம். நீண்ட தூரம் ஓடுபவர்கள் வழியில் எடுத்துக்கொள்ளும் கெட்டியான சர்க்கரைப் பாகுகளும் அடர்ந்த இனிப்புப் பானங்களும் இரைப்பையில் தங்கிப் போகக்கூடியவை. முழங்கால் வலிக்கு என்று போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். ஓட்டத்தால் நெஞ்செரிகிறது என்பவர்களில் மாத்திரையால் எரிபவர்களும் இருக்கிறார்கள்.

## மிதிவண்டி

குலுக்கல் குறைவு என்பதால் ஓட்டத்தைவிட இதில் தொல்லை குறைவு. ஆனால் எந்த மிதிவண்டி என்று கேட்க வேண்டும். நிமிர்ந்து உட்காரும் வண்டியும் பந்தய வண்டியும் வயிற்றுக்கு ஒன்றல்ல. பந்தய வண்டியில் உடல் முன்னால் மடிந்து, ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றை அழுத்தும். தொப்பை இருந்தால் இது இன்னும் மோசம். கைப்பிடியை உயர்த்துவதோ நிமிர்ந்த வண்டிக்கு மாறுவதோ போதும். மூட்டு வலியால் நடையும் ஓட்டமும் ஒத்துவராதவர்களுக்கு என் முதல் சிபாரிசு நிமிர்ந்த மிதிவண்டிதான். ஜிம்மில் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் வண்டி வேண்டாம். அதில் முழங்கால் வயிற்றுப் பக்கம் வரும்.

## எடைப் பயிற்சி

இங்கேதான் சிக்கல் அதிகம். 2003-இல் விளையாட்டு வீரர்களை ஒப்பிட்ட ஆய்வில் எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் மிகுதியாக இருந்தது பளு தூக்குபவர்களிடம். ஓடுபவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் அதைவிடக் குறைவு. காரணம் தம் கட்டுவது. தொண்டையை மூடி, மூச்சை உள்ளேயே நிறுத்தி, வயிற்றை இறுக்கும்போது முதுகெலும்புக்கு முட்டுக்கொடுப்பது அந்த அழுத்தம்தான். அதே அழுத்தம் இரைப்பையையும் பிழிகிறது.

‘மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு முறை தூக்கக்கூடிய எடைக்கு அது சரி. ஒரே ஒரு முறைதான் தூக்க முடியும் என்ற அளவு எடையில் மூச்சை விட்டால் முதுகு பாதுகாப்பில்லாமல் போகும். அதனால் எதுக்களிப்புள்ளவர் மாற்ற வேண்டியது மூச்சை மட்டுமில்லை, எடையையே. குறைத்து, முறைகளைக் கூட்ட வேண்டும்.

எல்லா அசைவும் ஒரே மாதிரி தொல்லை தருவதில்லை. தரையிலிருந்து பளுவைத் தூக்குவது, தோளில் பளு வைத்து உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு முழங்காலை மார்பருகே கொண்டுவந்து காலால் தள்ளும் கருவி, தலைப்பக்கம் தாழ்ந்த பலகையில் படுத்துத் தூக்குவது இவை நான்கும் கடுமையானவை. உட்கார்ந்து இழுப்பது, நின்றபடி கைகளுக்குச் செய்வது, தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுப் பலகையில் தூக்குவது இவை எளிதாக ஒத்துக்கொள்ளும். எடைப் பயிற்சியை ஒட்டுமொத்தமாக விட வேண்டியதில்லை. அசைவுப் பட்டியலைத் திருத்தினால் போதும்.

இடுப்புப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2014-இல், நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கு இறுக்கமான பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடம் உதரவிதானத்தை நோக்கி மேலே தள்ளப்பட்டு, அமிலமும் சுருக்குத் தசைப் பகுதிக்குள் ஏறியது. பளு தூக்கும் பட்டை மட்டுமில்லை, வயிறு ஒடுங்கும் என்று விற்கும் இறுக்கமான வியர்வைப் பட்டைகளும் இதே வேலையைச் செய்யும். நெஞ்செரிச்சல் உள்ளவர் அவற்றைக் கட்டிக்கொள்வது காசு கொடுத்துத் தொல்லையை வாங்குவது. பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபீன் பொடிகளும், பாலில் கரைத்த கெட்டியான புரதப் பானங்களும் அதே கணக்கில் சேரும். புரதம் வேண்டுமானால் பயிற்சிக்குப் பிறகு குடியுங்கள்.

## தரைப் பயிற்சி, யோகா, மூச்சு

மல்லாந்து படுத்து உடலைப் பாதி எழுப்பும் வயிற்றுப் பயிற்சிதான் இவற்றில் மிக மோசம். படுத்த நிலை, மடங்கும் வயிறு, தம் கட்டுவது என்று மூன்றும் ஒரே அசைவில் சேர்ந்துவிடுகின்றன. ‘தொப்பை குறையும், அதனால் நெஞ்செரிச்சல் குறையும்’ என்று நம்பி இதைச் செய்பவர்கள் பலர். ஓரிடத்துச் சதையை அந்த இடத்துப் பயிற்சி கரைக்காது. வயிற்றுத் தசைக்கு வலு வேண்டுமென்றால் முழங்கை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பயிற்சி பரவாயில்லை. முழங்காலை ஊன்றிக்கொண்டு, மூச்சை நிறுத்தாமல்.

யோகாவில் தலைகீழ் ஆசனங்களும், ஆழ்ந்து முன்குனிபவையும், வயிற்றை எக்கிச் செய்பவையும் வேண்டாம். நின்று செய்யும் ஆசனங்கள் பெரும்பாலும் பிரச்சினையில்லை.

அப்புறம், இந்தப் பட்டியலில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று: வயிற்று மூச்சு. ஆஸ்திரியாவில் 2012-இல் ஒரு சிறு குழுவினருக்கு உதரவிதானத்தை இயக்கி மூச்சுவிடும் பயிற்சியைத் தினமும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விடாமல் செய்தவர்களுக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு மாத்திரையின் தேவையும் குறைந்திருந்தது. சிறு ஆய்வுதான். ஆனால் செலவில்லை, ஆபத்தில்லை, அந்தச் சுருக்குத் தசையைச் சுற்றியிருக்கும் உதரவிதானமும் நாம் பழக்கக்கூடிய தசைதான். கையை வயிற்றின் மேல் வைத்து, மார்பு அசையாமல் வயிறு மட்டும் எழும்படி மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விட வேண்டும். மேலே சொன்ன எந்தப் பயிற்சியைத் தேர்ந்தாலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நீச்சலுக்கு ஒரு வரி போதும்: வெறும் வயிற்றில் நல்லது, சாப்பிட்டுவிட்டு வேண்டாம், உடல் கிடையாக இருக்கிறது, காற்றும் விழுங்குகிறோம்.

## வேலைத்தள உழைப்பு

இதைத் தனியாக, கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுவீடனில் ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. மரபணு ஒன்றாக இருப்பதால் வாழ்க்கைமுறையின் பங்கு அதில் தெளிவாகத் தெரியும். ஓய்வுநேர உடற்பயிற்சி எதுக்களிப்பைக் குறைத்தது. வேலையில் செய்யும் உடலுழைப்போ அதைக் கூட்டியது. நார்வேயிலும் 2004-இல் ஒரு பெரிய ஆய்வு, வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்களிடம் தொல்லை ஏறக்குறையப் பாதியாக இருந்ததைக் காட்டியது. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்கள் பயிற்சியையே தவிர்த்திருக்கலாம் என்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் திசை தெளிவு.

அதே உடல், அதே தசை, ஆனால் விளைவு எதிரெதிர். ஏன்?

தரையில் இருக்கும் கனமான பெட்டியை ஒருவர் தூக்குவதைக் கிட்டே இருந்து பாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடம். முழங்கால் மடங்கவில்லை, இடுப்பில் மடங்குகிறார். விலாவுக்கும் தொடைக்கும் நடுவே வயிறு நசுங்குகிறது. இடுப்பில் கருவிகள் தொங்கும் பட்டை. தம் கட்டுகிறார், முகம் சிவக்கிறது, பெட்டி எழுகிறது, ஒரு ஏப்பம் வருகிறது. எல்லாம் மூன்று விநாடிதான். அடுத்த பெட்டி காத்திருக்கிறது. ஜிம்மில் தூக்குபவர் மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டிருப்பார், ஒரு சுற்று முடிந்து இரண்டு நிமிடம் நிற்பார், எரிந்தால் அன்றைக்கு விட்டுவிடுவார். பெட்டி தூக்குபவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

வேலையோடு ஒட்டிவரும் பழக்கங்களும் உண்டு. கிடைத்த பத்து நிமிடத்தில் அள்ளிப்போடும் சாப்பாடு, இடைவேளையில் புகை, முதுகு வலிக்கு மாத்திரை, இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அசதியில் உடனே படுக்கை. இரவுப்பணி என்றால் தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும் தலைகீழாகிவிடும். ஒரே மாதிரி குனிந்து நிமிர்வதில் உடல் களைக்குமே தவிர, இதயத்துக்கும் மூச்சுக்கும் தொடர்ச்சியான பயிற்சி கிடைப்பதில்லை. நாள் முழுக்க உழைத்தும் தொப்பை போகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களின் கதை இதுதான்.

வேலையை விடச் சொல்ல முடியாது. மாற்றக்கூடியவை சில உண்டு:

- முழுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து, கனமான தூக்குவேலைக்கு முன் சிறிய பங்கைச் சாப்பிடுவது. எண்ணெய் மிகுந்ததை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்வது.
- பணி வரிசை உங்கள் கையில் இருந்தால், சாப்பிட்ட முதல் ஒரு மணி நேரத்துக்கு நின்று செய்யும் வேலை, பிறகு குனியும் வேலை.
- தரையில் இருப்பதை இடுப்பளவு உயரத்தில் அடுக்கச் சொல்வது. ஒரு மேசையோ தள்ளுவண்டியோ பல மாத்திரைகளுக்குச் சமம்.
- தரைமட்ட வேலைக்கு இடுப்பில் மடங்காமல் ஒரு முழங்காலை ஊன்றுவது. பொருளை உடலோடு ஒட்டிவைத்து எழும்போது மூச்சை விடுவது.
- கருவிப் பட்டையின் எடையைத் தோளில் தாங்கும் வார்களுக்கு மாற்றுவது.
- சாப்பிட்ட பின் சூயிங்கம் மெல்வது. எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவும்.

இவர்களுக்குத் தனி உடற்பயிற்சி வேண்டுமா என்றால், வேண்டும். வேலை நாள்களில் இருபது நிமிட நடையும் வயிற்று மூச்சும் போதும். பளு வேண்டவே வேண்டாம். அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | வயிற்று அழுத்தம் | குலுக்கல் | நேரம் நம் கையிலா? | நீண்டகாலப் பலன் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| நடை | குறைவு | குறைவு | ஆம் | நல்லது, மெதுவாக | நேரம் |
| ஓட்டம் | நடுத்தரம் | அதிகம் | ஆம் | மிக நல்லது | வலி மாத்திரை, இனிப்புப் பானம் |
| நிமிர்ந்த மிதிவண்டி | குறைவு | குறைவு | ஆம் | மிக நல்லது | வண்டி, இடம் |
| பந்தய மிதிவண்டி | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | ஆம் | மிக நல்லது | மடியும் வயிறு |
| கடும் எடைப் பயிற்சி | மிக அதிகம் | இல்லை | ஆம் | தசைக்கு நல்லது | பட்டை, காஃபீன் பொடி |
| மித எடைப் பயிற்சி | நடுத்தரம் | இல்லை | ஆம் | நல்லது | அசைவுகளைத் தேர்ந்தெடுக்கும் சிரமம் |
| வயிற்று மூச்சு | மிகக் குறைவு | இல்லை | ஆம் | நல்லது | விடாமல் செய்யும் பொறுமை |
| வேலைத்தள உழைப்பு | அதிகம் | வேலையைப் பொறுத்து | பெரும்பாலும் இல்லை | குறைவு | அவசரச் சாப்பாடு, புகை, மாத்திரை |

## யாருக்கு எது

எடை கூடுதலாக இருந்து, இரவில்தான் எரிச்சல் அதிகம் என்றால் நடையையோ நிமிர்ந்த மிதிவண்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் செய்து, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டு, இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் பயிற்சியின் பலன் இரவிலேயே தெரிய ஆரம்பிக்கும்.

எடை சரியாக இருக்கிறது, ஓடும்போது மட்டும் எரிகிறது என்பவர் காலை வெறும் வயிற்றில் ஓடிப்பார்க்கலாம். அதிலும் எரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்று ஓட்டத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எடைப் பயிற்சியை விட மனமில்லாதவர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், முதல் வாரம் பட்டையை மட்டும் கழற்றுங்கள், அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தை நகர்த்துங்கள், அதற்கடுத்து எடையைக் குறையுங்கள். எதனால் குறைந்தது என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலேயே பாதித் தொல்லை அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.

குனிந்தாலே தொண்டைக்கு வருகிறது என்பவர்களுக்கு, உதரவிதானத் துளை வழியாக இரைப்பை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதுவரை நின்று செய்யும் பயிற்சிகள் மட்டும்.

## மாத்திரை சாப்பிடுபவர்கள்

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை ஜிம்முக்குப் போகுமுன் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவை உடனடியாக வேலை செய்பவை இல்லை. சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, தினமும், மருத்துவர் சொன்ன காலம்வரை எடுத்தால்தான் பலன். அவசரத்துக்கு உதவுவது அமிலத்தை நேரடியாக முறிக்கும் திரவமோ மெல்லும் மாத்திரையோதான், அதுவும் எப்போதாவது.

ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கும். மேலே ஏறுவதைத் தடுக்காது. எரிச்சல் போய்விட்டது, ஆனால் குனிந்து தூக்கும்போது தண்ணீராக மேலே வருவது நிற்கவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. எண்டோஸ்கோபியும், உணவுக்குழாயின் அமிலத்தை 24 மணி நேரம் அளக்கும் சோதனையும் அதற்குத்தான் இருக்கின்றன. நாளில் 4 சதவீத நேரத்துக்குள் அமிலம் இருந்தால் இயல்பு, 6 சதவீதத்தைத் தாண்டினால் எதுக்களிப்பு நோய் உறுதி. சோதனைக்குப் போகிறவர்கள் அன்றைக்கு ஓய்வெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அந்த 24 மணி நேரத்தில் உங்கள் வழக்கமான வேலையையோ பயிற்சியையோ செய்யுங்கள். எந்த நேரத்தில் எதைத் தூக்கினீர்கள், எப்போது எரிந்தது என்று கருவியோடு தரும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.